நஸ்ருல்லாவின் சுண்ணாம்புத் தண்ணீர்

என் தம்பி நஸ்ருல்லா காந்தி மார்க்கெட் போனால் வெற்றிலைக் கடையில் நின்று சுண்ணாம்பு மட்டும் வாங்கிக்கொண்டு வருவான். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் கிடையாது. கடைக்காரர் தங்கையன் அவனைக் கண்டதுமே ஆரம்பித்துவிடுவார்.

"பாய், வெத்தலை வேணாம், பாக்கு வேணாம், சுண்ணாம்பு மட்டும் போதும்ங்கிறீங்க. வாய் என்னாவும்?"

"வாய்க்கு இல்லண்ணே. கல்லுக்கு."

"உங்க வீட்டுல கல்லு வெத்தலை போடுதா?"

"வெத்தலை போடாது. சுண்ணாம்பு மட்டும் தின்னும்."

தங்கையன் தலையில் அடித்துக்கொள்வார். ரோஸ் கலர் சுண்ணாம்பு, வாசனை போட்ட சுண்ணாம்பு எதையும் நஸ்ருல்லா தொடமாட்டான். வெறும் வெள்ளைதான். அதையும் விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவன் அவ்வளவு பார்க்கவில்லை என்று அவன் மனைவி தஸ்லிமா சொல்லிச் சிரிப்பாள்.

அவன் கல் என்று சொன்னது பவளத்தை. எனக்குச் சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதும்போது பவளத்தின் பேர் வாயில் வரும். ஆனால் நகைக்கடையில் கோர்த்து வைத்திருக்கும் சிவப்பு மணிதான் பவளம் என்று நினைத்திருந்தேன். அது உயிர், கடலுக்குள் கூட்டம் கூட்டமாக இருந்து தனக்குத்தானே கல்லால் வீடு கட்டிக்கொள்ளும் என்று அவன் சொல்லித்தான் தெரியும். சுப்ஹானல்லாஹ், படைத்தவன் எதை எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள்.

நஸ்ருல்லா வாலிபத்தில் ஷார்ஜாவுக்குப் போனான். சாமான் தூக்குகிற வேலை என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். போன இடம் கண்ணாடித் தொட்டிகளைப் பராமரிக்கிற கம்பெனி. அங்கே பெரிய வீடுகளில் சுவர் அகலத்துக்குத் தொட்டி வைத்து, கடல் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீர் கலந்து, பவளம் வளர்ப்பார்களாம். அந்தத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவித்தான் அவனுடைய வாலிபம் போனது. கம்பெனியை மூடியதும் ஊருக்கு வந்து அரியமங்கலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் சேர்ந்தான். வெட்டி மிஞ்சின கண்ணாடியை ஒட்டி வீட்டில் சின்னதாக ஒரு தொட்டி செய்தான். சென்னையில் தொட்டி வைத்திருக்கிற ஒருவர், தன்னிடம் வளர்ந்ததில் ஒரு துண்டை ஒடித்துக் கொடுத்தார். கடலில் இருந்து எடுத்தது இல்லை. அப்படி எடுத்தால் கேஸ் ஆகிவிடும், அது பாவமும்கூட என்பான்.

"அக்கா, இது ஒவ்வொண்ணும் வீடு கட்டுது. கொத்தனார் வேலையெல்லாம் அதுவே பாத்துக்கும். சிமெண்டு மட்டும் நாம குடுக்கணும். கடல்ல சிமெண்டு தீராது. தொட்டியில தீந்துபோயிரும்."

அந்தச் சிமெண்டுதான் சுண்ணாம்பு. மொத்தமாகக் கொட்டினால் வெந்து செத்துவிடும். சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அதற்கு மோட்டார் வைத்த மெஷின் கடையில் இருக்கிறது, விலை நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. நஸ்ருல்லா ஒரு தண்ணீர்க் கேனை எடுத்து, அடியிலிருந்து ஒரு சாண் மேலே ஓட்டை போட்டு, மெடிக்கல் ஷாப்பில் புதிதாக வாங்கின குளுக்கோஸ் ட்யூபை அதில் மாட்டினான். கேனில் சுண்ணாம்பைக் கரைத்து மூடி வைத்தால் கலங்கல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கிற தெளிந்த தண்ணீர் மட்டும் ட்யூபில் இறங்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் திருகுகிற அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருகிச் சொட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். ட்யூபின் முனையில் சுண்ணாம்பு காய்ந்து அடைத்துக்கொள்ளும். வினிகரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய மெஷின்.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சா யாரோ சீக்காளி படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்று தஸ்லிமா முனகுவாள். ஆனால் அவன் பட்டறைக்குப் போனதும் அவளே எட்டிப் பார்த்து, "சொட்டுது, சொட்டுது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் வேதவல்லி மாமி என்று ஒருவர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், தனியாக இருக்கிறார். அவர் வீட்டு அலமாரிக் கண்ணாடி உடைந்துபோய், பட்டறையில் இருந்து நஸ்ருல்லாவை அனுப்பினார்கள். போனவன் அலமாரியை மறந்துவிட்டு ஹாலில் அப்படியே நின்றுவிட்டானாம். அங்கே ஸ்டாண்டு மேல் இரண்டு முழ நீளத்துக்கு ஒரு பவளத் தொட்டி. பச்சையும் ஊதாவுமாகக் கிளை விட்டிருந்த பவளம், நுனியெல்லாம் வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் சொட்டு விடுகிற மெஷின் நின்றுபோயிருந்தது.

"அது போய் ஒரு மாசமாச்சு. எம் பிள்ளை ஸ்ரீவத்ஸன் வச்ச தொட்டி. போன்ல ஏதேதோ சொல்றான், நேக்கு ஒண்ணும் புரியலே" என்றார் மாமி.

"மீனு இல்லையா மாமி?"

"மீனுக்கு இறாலைன்னா போடணுங்கறா! எங்காத்து ஃப்ரிட்ஜுல அதை வைக்க முடியுமோ? மீன் இல்லாத மீன் தொட்டி லோகத்துலேயே எங்காத்துலதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நஸ்ருல்லா ஒரு கேனும் குளுக்கோஸ் ட்யூபும் எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவனுக்கு ஸ்ரீரங்கம்தான். அங்கே காபி கொடுப்பார்கள். அவனுக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. "எனக்குன்னு ரிசர்வ் பண்ணி வச்சிருக்காங்கக்கா" என்று சிரிப்பான். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

பவளம் தேறியது. நுனியில் புதுக் கிளை வந்தது. அப்போதுதான் மாமி அவனிடம் மனசு விட்டுப் பேசினார். ஸ்ரீவத்ஸன் தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டான். அப்பா அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். மாமியும் அவர் பக்கமே நின்றுவிட்டார். அப்பா இறந்து, பிள்ளை வந்து காரியம் செய்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவான்.

"எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டான், நஸ்ருல்லா. 'தொட்டியைக் காட்டு'ம்பான். நான் போனைத் திருப்பிப் பிடிச்சுப்பேன். ரொம்ப நாழி பாப்பான். பேசமாட்டான். அவன் மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்கும். நேக்கு அது போறும். இந்தத் தொட்டி இருக்கற வரைக்கும் அவன் கூப்பிடுவான்."

இதை நஸ்ருல்லா என்னிடம் வந்து சொன்னான். "அக்கா, நான் கல்லுக்குத்தான் சொட்டு விடுறேன்னு நெனச்சேன். அந்தம்மா உசுரும் அதே ட்யூப்லதான் ஓடுது போல."

மாமி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே இருக்கும். அதனால் குறைந்த அளவுக்குக் காலையில் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். சமையல்கட்டில் இருக்கிற ஆர்.ஓ. மெஷினில் பிடித்த தண்ணீர்தான் ஆகும். அதைப் பிடித்து வைக்க நஸ்ருல்லா ஒரு வெள்ளைக் கேன் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"பிளாஸ்டிக்ல நின்ன ஜலத்தைக் குடிக்கவே நேக்குப் பயமா இருக்கு. அந்த ஜீவனுக்கு ஆகுமோ?" என்று அன்றைக்கே மாமி கேட்டார்.

"அதுக்கு ஆகும் மாமி, பயப்படாதீங்க" என்று இவன் சொல்லிவிட்டு வந்தான்.

புரட்டாசி பிறந்தது. அவர்களுக்குப் பெருமாள் மாதம். அந்த மாதத்தில்தான் முதலில் நத்தைகள் செத்தன. கண்ணாடியில் ஊர்ந்து பாசி தின்னுகிற சின்ன நத்தைகள், ஒவ்வொன்றாகப் பிடி விட்டுக் கீழே விழுந்தன. வெயில் என்று நினைத்தான் நஸ்ருல்லா. அடுத்த வாரம் பவளம் உள்ளே சுருங்கிக்கொண்டது. பூ மாதிரி விரிந்து நிற்கும் வாய்களெல்லாம் மூடிக்கிடந்தன.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். சொட்டைக் குறைத்தான். ட்யூபை மாற்றினான். சுண்ணாம்பில் ஏதோ கலப்படம் என்று தங்கையனிடம் சண்டைக்குப் போனான்.

"பாய், இதே சுண்ணாம்பைத்தான் இந்த ஊரே திங்குது. ஒருத்தனும் சாகலையே!"

"ஊர் சாகாதுண்ணே, என் கல்லு சாகுதே!"

வீட்டில் கலந்த உப்புத் தண்ணீரைக் கேன் கேனாக பஸ்ஸில் கொண்டுபோய்ப் பாதித் தண்ணீரை மாற்றினான். மறுநாள் கொஞ்சம் விரியும். அதற்கு அடுத்த நாள் மறுபடி சுருங்கிவிடும். நஸ்ருல்லா தொழுதுவிட்டு நெடுநேரம் கை ஏந்தி உட்கார்ந்திருப்பான். ஒரு கல்லுக்காகத் துஆ கேட்கிறான் என்று யாராவது சிரிப்பார்களோ என்று எனக்கு இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும், அவன் கேட்டது அந்தத் தாய்க்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது அவன் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். போனில் ஸ்ரீவத்ஸன் குரல்.

"கலர் போயிருக்கேம்மா. என்ன விடறார் அந்த ஆள்?"

"சுண்ணாம்பு ஜலம்தான்டா. நன்னாத்தானே இருந்தது."

"வெத்தலைச் சுண்ணாம்பா? ஆஸ்பத்திரி ட்யூபா? அம்மா, இதென்ன ரசம் வைக்கறதுன்னு நெனச்சியா? முதல்ல அதை நிறுத்தச் சொல்லு."

மாமி போனைக் கையால் மூடிக்கொண்டாராம். ஆனால் நஸ்ருல்லா கேட்டுவிட்டான். சக்கரத்தைத் திருகிச் சொட்டை நிறுத்தினான். வீட்டுக்கு வந்து, "என் சுண்ணாம்புதான்க்கா கொல்லுது. எதுல தப்பு பண்ணினேன்னு தெரியல" என்றான். "அல்லாஹ் லேசாக்குவான்டா" என்றேன். அதையேதான் மறுபடியும் மறுபடியும் சொன்னேன்.

சொட்டை நிறுத்திய பிறகும் பவளம் தேறவில்லை. கிளையின் அடியிலிருந்து தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது.

மாமி வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் வீராயி. வாய் ஓயாதவள். நஸ்ருல்லா ஒரு நாள் பின்கட்டுக் குழாயில் வாளியைக் கழுவப் போனபோது அவள் உட்கார்ந்து ஒரு செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாய். உங்களாலதான் என் கை வெந்து கெடக்கு."

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"நீங்கதானே அந்தக் கல்லைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க. அதுக்கு ஊத்துற கொடம்தான் இது. புரட்டாசி பொறந்ததுலேருந்து மாமி பிளாஸ்டிக்கைத் தொடுறதில்ல. ராவே இதுல தண்ணியப் புடிச்சு வச்சு, விடியக் குளிச்சுட்டு ஈரப் பொடவையோட வந்து ஊத்துறாங்க. பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்றாப்புல! நான் தெனம் இதைப் பளபளன்னு தேச்சுக் குடுக்கணும். புரட்டாசி முடிஞ்சும் விட்டாங்களா? இல்லையே."

நஸ்ருல்லா வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஷார்ஜாவில் முதலாளி தொட்டிக்குள் கையை விடுகிறவர்களின் மோதிரத்தைக்கூடக் கழற்றச் சொல்வாராம். செம்பு ஒரு துளி கரைந்தாலும் நத்தை போகும், பவளம் போகும். மனுஷனுக்கு நல்லது செய்கிற அதே செம்பு அதற்கு விஷம். புளி போட்டுத் தேய்த்த குடத்தில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரில் செம்பு எவ்வளவு இறங்கியிருக்கும்? தொட்டிக்குள் கிடக்கிற பாறையெல்லாம் அதைக் குடித்து வைத்திருக்கும். பாறையில் ஏறினது லேசில் இறங்காது.

"பாய், என்னாச்சு? மயக்கமா? சோடா வாங்கியாரவா?" என்று வீராயி பயந்துவிட்டாள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"சுண்ணாம்பு இல்லக்கா. என் சுண்ணாம்பு இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப அதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"யார்கிட்ட சொல்ல? அந்தம்மாகிட்டயா? நீங்க சாமிக்குச் செய்யற மாதிரி செஞ்சீங்களே, அதுதான் கொன்னுச்சுன்னு எப்படிக்கா சொல்லுவேன்? என் தப்புன்னே இருந்துட்டுப் போகட்டுமே."

"பொய் சொல்றது ஆகாதேடா."

"நான் பொய் சொல்லல. சும்மா இருக்கேன்னுதான் சொல்றேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஓதினவள் நான். ஆனால் அந்த உண்மையை ஒரு தாய் கையில் எப்படி வைப்பது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போகும் முன்னால் ஸ்ரீரங்கம் போனான். மாமி ஈரப் புடவையோடு, உதட்டில் நாமம் சொல்லிக்கொண்டே, குடத்திலிருந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் தேறிடுடா கண்ணா" என்று அந்த வெள்ளை எலும்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாராம்.

"மாமி, இனிமே நான் குடுத்த கேன்லேருந்தே ஊத்துங்க."

"ஏன், செம்பு ஆகாதா?"

"கடல் தண்ணிக்கும் அதுக்கும் ஒத்துக்காது மாமி."

மாமி கையில் இருந்த செம்பைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். "சரி" என்றார். உள்ளே போய் காபி கொண்டுவந்தார்.

செம்பை உறிஞ்சட்டும் என்று கரியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டான், திரும்பத் திரும்பத் தண்ணீர் மாற்றினான். ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் தொட்டி முழுக்க வெள்ளையாகிவிட்டது. சனிக்கிழமை மாமி போன் செய்தார்.

"நஸ்ருல்லா, நாளைக்கு என்னடா காட்டுவேன் அவனுக்கு?"

அந்த ஒரு கேள்விதான். இவன் போனை வைத்துவிட்டுத் தன் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சென்னைக்காரர் கொடுத்த துண்டு இத்தனை வருஷத்தில் ஒரு கைப்பிடி அளவுக்கு வளர்ந்திருந்தது. பழுப்பு நிறம், நுனி மட்டும் பச்சை. மறுநாள் அதை மெதுவாகப் பெயர்த்து எடுத்து வாளியில் வைத்தான். பட்டறையில் ஒட்டின கண்ணாடிப் பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டான். நானும் கூடப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினோம். கண்டக்டர் வாளியைப் பார்த்தார்.

"என்ன பாய், மீனா? நாறக் கூடாது."

"மீனு இல்ல சார். கல்லு."

"கல்லுக்குத் தண்ணியா? சரி சரி, உள்ள போங்க."

காவிரிப் பாலம் முழுக்க அவன் வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தான். பஸ் குலுங்கும் போதெல்லாம் குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி, "இல்ல, இல்ல" என்று முனகினான்.

அந்தத் தொட்டித் தண்ணீரில் தன் பவளத்தை விட முடியாது. விட்டால் இதுவும் சாகும். அதனால் கண்ணாடிப் பெட்டியில் தன் வீட்டுத் தண்ணீரை ஊற்றி, பவளத்தை அதில் வைத்து, பெட்டியோடு தொட்டிக்குள் முன்பக்கம், விளிம்பு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி நிறுத்தினான். தொட்டியின் நீல விளக்கைப் போட்டதும் பெட்டி இருப்பதே தெரியவில்லை. பின்னால் இருந்த வெள்ளை எலும்புகளும் நீலத்தில் மங்கிப்போயின.

போன் வந்தது. மாமி திருப்பிப் பிடித்தார்.

"இது புதுசா வந்திருக்கே" என்றது குரல்.

"ஆமாம்டா. வந்திருக்கு" என்றார் மாமி. அதற்கு மேல் பொய் சொல்ல அவருக்கும் வரவில்லை.

"ம்" என்றது குரல். பிறகு அந்த மூச்சுச் சத்தம். மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதைப் பார்ப்பது எனக்கு ஏதோ பிறர் வீட்டுப் படுக்கையறையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் வாளி ஸ்ரீரங்கம் போய் வந்தது. "சம்பந்தம் பேசப் போற மாதிரில்ல போறீங்க! அடுத்த வாரம் பூவும் பழமும் வாங்கித் தரவா?" என்று தஸ்லிமா கேலி செய்தாள். ஆனால் வாளிக்கு மூடி தேடிக் கொடுத்ததும் அவள்தான், வெயிலில் சுடக் கூடாது என்று ஈரத் துணி சுற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

பவளம் இப்படித் தூக்கிக்கொண்டு அலைகிற உயிர் இல்லை. ஒரே இடத்தில் பிறந்து ஒரே இடத்தில் சாகிறது அது. ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வந்ததும் கூடுதல் நேரம் சுருங்கியே கிடந்தது. நஸ்ருல்லாவுக்கு அது தெரியாமல் இல்லை. "விட்டுடேன்டா" என்றேன் ஒரு நாள். "எதைக்கா விட?" என்றான். கார்த்திகை மழை பிடித்த நேரத்தில் அதுவும் நுனியிலிருந்து வெளுத்தது. இவன் தன் சுண்ணாம்புச் சொட்டைக் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான். அவன் கையில் இருந்தது அது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தபோது அது வெறும் கல்லாக இருந்தது.

அப்போதும் வாளியை எடுத்துக்கொண்டுதான் போனான். வெறும் தண்ணீர் வாளி. நானும் ஏன் என்று கேட்காமல் கூடப் போனேன். மாமி வாசலில் நின்றிருந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ளே வாங்கோ, நனையறேள்" என்றார்.

போன் அடித்தது. மாமி எடுத்தார். ஆனால் திருப்பிப் பிடிக்கவில்லை. போன் அவர் முகத்துக்கு நேராகவே இருந்தது.

"தொட்டியைக் காட்டும்மா."

"வத்ஸா, தொட்டி போயிடுத்துடா. ரொம்ப நாளாச்சு. சுண்ணாம்பு இல்லே. நஸ்ருல்லா மேல தப்பில்லே. நான்தான் செப்புக் குடத்து ஜலத்தை விட்டேன். நல்லதுன்னு நெனச்சு விட்டேன். நீ இத்தனை நாள் பாத்தது நஸ்ருல்லா ஆத்திலேர்ந்து கொண்டுவந்து வச்சது. அதுவும் போயிடுத்து."

சொல்லாமல் காப்பாற்றுகிறேன் என்று நஸ்ருல்லா நினைத்த விஷயம், 'ஒத்துக்காது' என்று இவன் சொன்ன அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இத்தனை நாள் காபி கொடுத்திருக்கிறார்.

போனில் அந்த மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. மாமிக்குக் கேட்டதோ என்னவோ.

"சரிம்மா. லைட்டை அணைச்சுடு. கரண்ட் வீண்" என்றது குரல். அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது.

மாமி எழுந்துபோய் நீல விளக்கை அணைத்தார். ஹால் சாதாரண ஹாலாகிவிட்டது. தொட்டிக்குள் வெள்ளை வெள்ளையாகக் கல். நஸ்ருல்லா ஏதோ சொல்ல வந்தான். "ஒண்ணும் சொல்லாதேப்பா" என்றார் மாமி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஸ்ருல்லா போனான். போன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. "எதுக்குப் போறீங்க? செய்ய என்ன இருக்கு அங்க?" என்று தஸ்லிமா கேட்டாள். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். போய் உட்கார்ந்திருப்பானாம். போன் மேஜைமேல் இருக்குமாம். மாமி அதைப் பார்க்காத மாதிரி பூ தொடுத்துக்கொண்டிருப்பாராம். வீராயி வந்து, "அந்தக் கொடத்தை எனக்குக் குடுத்துடுங்க மாமி, கண்ணுல படாம வித்துடறேன்" என்றாளாம். மாமி, "அது என்னடி பண்ணித்து பாவம்" என்றாராம்.

நான் ஐந்து வேளையும் அந்த அம்மாவுக்காகக் கை ஏந்தினேன். வேறு மதம், வேறு வீடு, நமக்கென்ன என்று என் மனசு ஒரு நாளும் சொல்லவில்லை. பிள்ளையின் குரலுக்குக் காத்திருக்கிற தாய் எல்லா வீட்டிலும் ஒருத்திதான்.

மார்கழியில் ஒரு நாள், ஞாயிறு இல்லை, நடு வாரத்தில், நஸ்ருல்லா பட்டறையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கும்போது மாமி கூப்பிட்டார்.

"வத்ஸன் பேசினான். 'தொட்டியை என்ன பண்ணினே'ன்னு கேட்டான். அப்படியேதான்டா இருக்குன்னேன். 'இருக்கட்டும்'னான்."

"வேற என்ன சொன்னார் மாமி?"

"வேற ஒண்ணும் சொல்லலே. இருக்கட்டும்னான், நஸ்ருல்லா. இருக்கட்டும்னு சொன்னான்."

அந்த ஒரு வார்த்தையை மாமி திருப்பித் திருப்பிச் சொன்னாராம். வருவேன் என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா, கேட்கிறவனுக்கும் தெரியவில்லை, சொல்கிறவருக்கும் தெரியவில்லை.

இப்போது நஸ்ருல்லா ஞாயிற்றுக்கிழமை உப்புத் தண்ணீர் கலந்து, கேனில் ஊற்றி, ஸ்ரீரங்கம் கொண்டுபோகிறான். பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறான். பாறையில் ஏறின செம்பு போகாது என்று அவனுக்குத் தெரியும். நத்தை ஒன்றை வாங்கி விட்டுப் பார்க்கிறான், இரண்டு நாளில் விழுந்துவிடுகிறது. அடுத்த வாரம் மறுபடியும் தண்ணீர் மாற்றுகிறான்.

"எத்தனை நாளைக்குடா?" என்று கேட்டேன்.

"தொட்டி இருக்கட்டும்னு சொல்லியிருக்காருக்கா" என்றான், கேனின் மூடியை இறுக்கிக்கொண்டே.

நேற்று காந்தி மார்க்கெட்டிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்திருக்கிறான். அதைத் தின்ன எங்கள் வீட்டிலும் கல் இல்லை, அங்கேயும் இல்லை. கேட்காமல் எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தேன், காய்ந்துவிடாமல் இருக்க ஈரத் துணி போட்டு.